ஏரிக்கு அடியில் ஒரு பந்து

ரூஃபஸ் கிரேடி வெர்ன் மிலாகருக்குத் தர வேண்டிய பாக்கி அறுபத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட். கையில் இல்லாமல் நின்றுபோன பாக்கி இல்லை அது. சம்பள நாளில் ரூஃபஸின் சட்டைப்பையில் பணம் இருக்கும், வெர்னும் கண்ணெதிரே நிற்பான். இருந்தும் இவன் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு சீசனுக்கு மேலே அப்படியே ஓடிப் போயிற்று.

பேஸ்பால் மைதானத்துக்கு சீசன் பாஸ் வாங்கிய வகையில் வந்த பாக்கி. பாஸ் வைத்திருப்பவர்களை மற்றக் கூட்டத்துக்கு முன்னாலேயே உள்ளே விட்டுவிடுவார்கள். அப்போது ஆட்டம் தொடங்கியிருக்காது. ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மட்டையைச் சுழற்றிப் பழகிக்கொண்டிருப்பார்கள். அப்படி அடிக்கிற பந்துகளில் கொஞ்சம் வேலியைத் தாண்டி வலதுபக்க கேலரியில் வந்து விழும். விழுந்த பந்து எடுத்தவனுக்குச் சொந்தம். ரூஃபஸும் வெர்னும் போனதே அதற்காகத்தான். ஆட்டம் தொடங்கி ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனதும் உண்டு. இவர்களுடைய ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஜோடியாக எடுத்தால் விலை குறைவு என்று குளிர்காலத்திலேயே இரண்டு பாஸுக்கும் வெர்ன் பணம் கட்டிவிடுவான். குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ரூஃபஸ் தன் பங்கைச் சம்பளத்துக்குச் சம்பளம் அடைப்பான். சம்பள வெள்ளிக்கிழமை அன்று இவன் கேலரிப் படியில் தலையைக் காட்டியதும் மேல் வரிசையிலிருந்து ஒரு கை நீளும்.

"உப்பு, கப்பத்தைக் கட்டிட்டு உட்காரு."

உப்பு என்றால் ரூஃபஸ். ஏரிக்கு அடியில் இருக்கிற உப்புச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை. இருட்டு விலகுமுன் லிப்ட் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினால் மூன்று மணிக்குத்தான் மேலே வருவான். குளித்தாலும் புருவத்தில் ஒட்டிய தூசி போகாது. உதட்டை நக்கினால் கரிக்கும். நாள் முழுக்கத் தலைக்கு மேல் உப்புக் கூரையையே பார்த்துக் கிடந்தவன், மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். அந்த நேரத்தில் வெர்ன் கூட அவனைச் சீண்டமாட்டான்.

ஆனால் அந்த வானமே ரூஃபஸுக்கு எதிரி. இருட்டிலிருந்து வந்த கண் வெளிச்சத்துக்குப் பழக வெகுநேரம் பிடித்தது. மட்டையில் பட்ட சத்தம் கேட்கும், பந்து எங்கே என்று தெரியாது. வெள்ளை வானத்தில் வெள்ளைப் பந்து கரைந்துபோகும். திரும்பத் தெரியும்போது அது எங்கேயோ நாற்காலிகளில் தட்டி உருண்டுகொண்டிருக்கும். அதனால் ரூஃபஸ் எடுத்ததெல்லாம் கீழே விழுந்த பந்துகள். நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து எடுப்பான். வேலிக்கும் கேலரிச் சுவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்தால் பந்து பிடிக்கிற தோல் கையுறையைக் கயிற்றில் கட்டி, அதன் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையைப் போட்டு, உள்ளே ஒரு பேனாவை முட்டுக்கொடுத்து இறக்குவான். பந்தின் மேல் கையுறை கவிழ்ந்து பற்றிக்கொள்ளும். அலுங்காமல் மேலே தூக்குவான். அதில் அவனை மிஞ்ச அந்த மைதானத்தில் ஆள் இல்லை. வெர்ன் ஒத்துக்கொள்வான், ஆனால் மரியாதையாக ஒத்துக்கொள்ளமாட்டான்.

"இந்த ஊர்லயே நல்ல பொறுக்கி நீதான். ஆனா பொறுக்குறது வேற, பிடிக்கிறது வேற."

பிடிப்பது என்றால் வெர்ன்தான். வயது அறுபதைத் தாண்டியும் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய நொடியிலேயே அது எந்த வரிசைக்கு வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பேரும் இடத்தைப் பங்கு போட்டிருந்தார்கள். முன் வரிசைகள் ரூஃபஸுக்கு, பின் வரிசைகள் வெர்னுக்கு. வெர்ன் பின்னாலிருந்து குரல் கொடுப்பான். "எனக்கு" என்றால் ரூஃபஸ் குனிந்துகொள்வான். "உனக்கு, வலது" என்றால் வலது பக்கம் ஓடுவான். "விடு" என்றால் அது யாருக்குமில்லை. கேலரியில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் பந்து பிடிப்பார்கள். சத்தம் போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கும் பந்து வருகிற இடம் தெரிந்துவிடும் அல்லவா. வெர்ன் ஒருவன்தான் ஊரறியக் கத்துவான். ரூஃபஸுக்குக் கண் அந்தக் குரல்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பயிற்சி முடிந்து கூட்டம் உள்ளே வரும்போது, கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பந்தும் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் குழந்தை யாராவது நிச்சயம் இருக்கும். அதற்கு ஒரு பந்தைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொடுக்காமல் போகிறவனை அந்த கேலரியில் யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். வெர்ன் அதற்கென்று அன்றைக்குக் கிடைத்ததில் ஒரு பந்தைத் தன் பையின் பக்கவாட்டு அறையில் தனியாகப் போட்டு வைப்பான்.

வெர்னுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. ஏரிக்கரையில் இருந்த பழைய மைதானத்தில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம், வெறுங்கையால் முதல் பந்தைப் பிடித்த கதை. பிடித்த வேகத்தில் கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் கொட்டியதாம். ஒருநாள் கட்டைவிரல் என்பான், ஒருநாள் ஆள்காட்டி விரல் என்பான். ரத்தமும் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போகும். அந்தப் பந்தைக் காட்டச் சொன்னால் மட்டும், கண்டவன் கையில் கொடுக்கிற பந்தா அது என்பான். ஒருவரும் பார்த்ததில்லை. அப்படி ஒரு பந்தே கிடையாது என்பதுதான் கேலரியில் பொதுவான முடிவு. ரூஃபஸும் அந்தக் கட்சிதான்.

அந்த ஜூன் மாத மாலையில் ஏரிக்காற்று மைதானத்துக்குள் வீசிக்கொண்டிருந்தது. வெளியூர் அணியின் இடதுகை ஆட்டக்காரன் ஒருவன் மட்டையைப் பிடித்து நின்றான். படார் என்று சத்தம் கேட்டது. ரூஃபஸ் வழக்கம்போல அண்ணாந்தான், வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு," என்றது பின்னாலிருந்து குரல். அப்புறம், எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னது. "ஓடாதே. நின்ன இடத்துல நில்லு. கையைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். அசையாதே உப்பு, அசையாதே."

ரூஃபஸ் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டானா திறந்து வைத்திருந்தானா என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. கையுறைக்குள் அறை விழுந்த மாதிரி ஒரு அடி. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. திறந்து பார்த்தால் பந்து. தரையைத் தொடாத, நாற்காலியில் தேயாத, பளிச்சென்ற வெள்ளைப் பந்து. மட்டையின் கறுப்புச் சாயம் மட்டும் பிறை மாதிரி ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஆகாயத்திலிருந்து நேராகப் பிடித்த முதல் பந்து.

வெர்ன் வரிசைகளைத் தாண்டி இறங்கி வந்தான். பந்தை வாங்கிப் பார்த்தான், முகர்ந்தான், திருப்பிக் கொடுத்தான். "போடா பொறுக்கி, இனிமே உன்னை என்னன்னு கூப்பிடுறது நான்?" என்று மட்டும் சொன்னான்.

பந்தை மற்ற பந்துகளோடு உரசவிடக் கூடாது என்று ரூஃபஸ் தன் பையின் பக்கவாட்டு அறையில் தனியாக வைத்தான். இன்று செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டுக் கடுகு விழுது தடவிய சாசேஜ் வாங்கக் கீழே போனான். பையை வெர்ன் பக்கத்தில் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் போனான். அங்கே வெர்னின் பையும் தொங்கியது. இரண்டும் ஒரே மாதிரிப் பை. போன சீசனில் ஒருநாள் மைதானத்தில் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது.

திரும்பி வந்தபோது வெர்ன் தன் இடத்தில் இல்லை. வெகுநேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தான். சாசேஜைக் கையில் வாங்கி ஒரு கடி கடித்தான், மீதியை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ரூஃபஸ் நினைத்தான். அன்று அவனுக்கு எல்லாமே நல்லதாகத்தான் தெரிந்தது. கிளம்பும்போது வெர்ன் தானே அவன் பையை எடுத்து, ஜிப் மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக் கொடுத்தான்.

"பத்திரம் உப்பு. உள்ள இருக்கிறது லேசுப்பட்ட பந்து இல்லே."

தெரியாதா எனக்கு என்று ரூஃபஸ் சிரித்தான்.

மறுநாள் விடியுமுன், மனைவியை எழுப்பிவிடாமல் சமையலறை இருட்டிலேயே அந்தப் பக்கவாட்டு அறைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தான். ஒரு காலுறைக்குள் போட்டுச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டான். கீழே, உணவு இடைவேளையில், எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, தான் நேற்றுப் பிடித்த கதையை முதலில் சொன்னான். ரூஃபஸ் பேசுகிறவன் இல்லை. அவன் பேசுகிறான் என்பதற்காகவே எல்லோரும் கேட்டார்கள். சொல்லி முடித்துக் காலுறையைக் கவிழ்த்தான். பந்து மேசையில் விழுந்து, மேலே எரிந்த குழல் விளக்கின் கீழ் நின்றது.

தோல் மஞ்சளித்துப் போயிருந்தது. தையல் நூலின் சிவப்பு வெளுத்திருந்தது. ஒரு பக்கம் தையலோரமாகப் பழுப்பாக ஒரு கறை.

வெடி வைக்கிற பெர்னி ஓசாக்தான் முதலில் வாயைத் திறந்தான். "பெருசு, இது நேத்துப் பிடிச்சதா, உங்க தாத்தா பிடிச்சதா?" இன்னொருவன் அந்தக் கறையை முகர்ந்து, யாரோ புகையிலைச் சாறு துப்பியிருக்கிறார்கள் என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. கெட்ட மனசோடு சிரித்த சிரிப்பு இல்லை. ரூஃபஸும் கூடச் சிரித்தான். காது மட்டும் கொதித்தது.

நடந்தது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கொடுக்கிற பந்து இருப்பது பக்கவாட்டு அறையில். பை இரண்டும் ஒன்றுபோல. வெர்ன் பழக்கத்தில் கையைவிட்டு, இவனுடைய பந்தை எடுத்து எந்தக் குழந்தைக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். அதில் ரூஃபஸுக்குக் கோபம் வரவில்லை. யாருக்கும் நடக்கக்கூடியது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால், போகட்டும் விடு என்றிருப்பான். ஆனால் சொல்லாமல், எங்கேயோ மூலையில் கிடந்த பழம்பந்து ஒன்றை உள்ளே திணித்து, ஜிப்பையும் இழுத்துப் பார்த்து, லேசுப்பட்ட பந்து இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பொறுக்கிக்கு எந்தப் பந்தானால் என்ன என்றுதானே. குருட்டுப்பயல், கண்டுபிடிக்கவா போகிறான் என்றுதானே.

ஷிப்ட் முடிந்து மேலே போகும் வழியில், வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய அறைகள் இருக்கும் பக்கம் ரூஃபஸ் கொஞ்சம் ஒதுங்கினான். தலைவிளக்கு எட்டாத இருட்டு அது. காலுறையிலிருந்து பந்தை எடுத்து, தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு வீசினான். எங்கேயோ உப்பில் ஒரு தரம் மோதியது. அப்புறம் உருளும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

அடுத்த ஆட்டத்தன்று இவன் படியேறும்போதே வெர்ன் கீழே இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. சொல்லப்போகிறான் என்று ரூஃபஸ் காத்தான்.

"ஆளுங்ககிட்ட காட்டினியா?" என்றான் வெர்ன்.

"காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

வெர்னின் முகம் சுருங்கியது. திரும்பித் தன் வரிசைக்கு ஏறிப் போய்விட்டான்.

அந்த வாரம் சம்பளம் வந்தது. கடைசித் தவணை, அறுபத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட், ரூஃபஸின் சட்டைப்பையில் இருந்தது. மேல் வரிசையிலிருந்து கை நீளவில்லை. கேட்காதது ஏன் என்று ரூஃபஸுக்குப் புரிந்தது; குற்றம் உள்ளவன் எப்படிக் கேட்பான். அவன் வாயைத் திறந்து அந்தப் பந்தைப் பற்றிப் பேசட்டும், மறுநிமிஷம் காசைக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டான். அடுத்த சம்பளமும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கேட்காமல் இருக்க இருக்க, இவனுக்குக் கொடுக்காமல் இருப்பது சுலபமாகிவிட்டது.

குரலும் குறைந்தது. "உனக்கு" என்பது எப்போதாவது வந்தது, அப்புறம் நின்றது. "எனக்கு" என்பதும் நின்றது. மற்றவர்களைப் போல வெர்னும் வாயை மூடிக்கொண்டு பந்து பிடித்தான். ஆகஸ்டு வாக்கில் ரூஃபஸ் இடதுபக்க கேலரிக்கு மாறினான். அங்கே வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஒருநாள் பார்க்காத பந்து ஒன்று தோளெலும்பில் விழுந்து ஒரு வாரம் கையைத் தூக்க முடியாமல் செய்தது. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே மைதானத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பின் வரிசையில் வெர்ன் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரூஃபஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த சீசனுக்கு ஆளுக்கொரு பாஸாக முழுவிலை கொடுத்து வாங்கினார்கள். எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். ரூஃபஸின் மனைவி ஒருதரம், அந்தப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டாள். விஷயம் பணம் இல்லை என்றான். அப்படியானால் கொடுப்பதற்கு இன்னும் சுலபம்தானே என்றாள் அவள். அதற்கு அவன் கோபப்பட்டான். அதற்கும் அடுத்த சீசனும் அப்படியே போனது.

பிறகு வந்த ஏப்ரலில் முதல் ஆட்டத்துக்கு வெர்ன் வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. ரூஃபஸ் வலதுபக்கமாகச் சுற்றிப் போய், அந்த கேலரியில் டிக்கெட் பார்க்கிற மாக்ஸீனிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஜனவரியில் பனி தள்ளிக்கொண்டிருக்கும்போதே வெர்ன் வாசலில் சாய்ந்துவிட்டான் என்றும், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது என்றும், இப்போது தங்கை வீட்டில் இருக்கிறான் என்றும் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதா? நீ தினமும் போய்ப் பார்த்துக்கிட்டு இருப்பேன்னுல்ல நான் நெனச்சேன்."

வெர்ன் கையுறை மாட்டுவது இடது கையில்.

ஞாயிற்றுக்கிழமை ரூஃபஸ் சவரம் செய்துகொண்டு, ஒரு உறையில் பணத்தைப் போட்டுக்கொண்டு போனான். வெர்னின் தங்கை ஆக்னஸ் கதவைத் திறந்தாள். இவன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் இறுகியது. பெயர் முன்பே அந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை இரண்டு துண்டு தட்டில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

வெர்ன் ஜன்னலோர நாற்காலியில், மடியில் போர்வையோடு இருந்தான். இடது கை போர்வையின் மேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தாலும் தெளிவாகத்தான் இருந்தது.

"உப்பு," என்றான். "வழி தெரிஞ்சுதா?"

ரூஃபஸ் உறையை எடுத்துச் சின்ன மேசையில் வைத்தான். பாக்கி என்றான். வெர்ன் அதைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினான்.

"காசை நீ பிடிச்சு வெச்சுக்கிட்டதுல எனக்கு வருத்தம் இல்லே. பந்துக்கு அபராதம்னு எடுத்துக்கிட்டேன். தப்பு என்னுது. ஆனா அதுக்கு மேல நான் என்ன செய்யணும்னு நீ எதிர்பார்த்தேன்னுதான் இன்னி வரைக்கும் எனக்குப் புரியலே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றான் ரூஃபஸ். "பழம்பந்தைத் திணிச்சு அனுப்பாம."

வெர்ன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான்.

"பழம்பந்தா?"

பிறகு மெதுவாக, இடையிடையே நிறுத்தி, அவன் சொன்னான். அன்று மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சின்னப் பெண் ஒருத்திக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, தன் பையின் பக்கவாட்டு அறையில் இன்னொரு பந்து இருப்பதைப் பார்த்த பிறகுதான் செய்த காரியம் தெரிந்திருக்கிறது. கீழ்வாசல் வரை ஓடியிருக்கிறான். பையில் இருந்த பந்துகளையெல்லாம் தருகிறேன் என்று அந்தப் பெண்ணின் தகப்பனிடம் கெஞ்சியிருக்கிறான். குழந்தை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. தகப்பன், பெரியவரே வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வெறுங்கையோடு படியேறி வந்திருக்கிறான். ரூஃபஸ் இரண்டு கையிலும் சாசேஜ் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் வாயில் வார்த்தை வரவில்லை.

"எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது உப்பு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. உன் முதல் பந்து போச்சு. அதனால என் முதல் பந்தைக் கொடுத்தேன்."

வெர்ன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான்.

"தினமும் பைக்கு அடியில, துணியில சுத்தி அதை எடுத்துக்கிட்டு வருவேன். எதுக்குன்னு கேட்டா தெரியாது. ஒரு தைரியம். யாரும் பார்த்தது இல்லே. அந்த ரத்தக்கறையைப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சுடும்னு இருந்தேன். அடுத்த ஆட்டத்துக்கு வருவே, வாய் நிறையத் திட்டுவே, அப்புறம் நீயே சிரிப்பேன்னு கீழ வந்து நின்னுக்கிட்டு இருந்தேன். நீ சிரிச்சாங்கன்னு சொன்னே."

மேசையைச் சுற்றி எழுந்த அந்தச் சிரிப்பு ரூஃபஸின் காதில் மறுபடி கேட்டது. புகையிலைச் சாறு என்று முகர்ந்தவனின் மூக்கு தெரிந்தது. நூறு தரம் கேட்ட கதை. விரல் எது என்று மாறியதே தவிர, ரத்தம் ஒருதரமும் விட்டுப்போனதில்லை. அது பொய் என்று முடிவு கட்டி வைத்திருந்ததனால், அவன் கண் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் இருந்ததை அவன் பார்க்கவில்லை.

"அதை இப்போ எங்க வெச்சிருக்கே?" என்றான் வெர்ன். கேட்ட விதத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. "திருப்பிக் கேக்கலே. கொடுத்தது கொடுத்ததுதான். ஒருதரம் கையில வெச்சுப் பார்க்கணும். இந்தக் கைதான் செத்துப்போச்சு. பிடிச்சது வலது கையால."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம். எங்கேயாவது பழைய பந்து ஒன்றை வாங்கி, அதில் ஒரு கறையும் ஏற்றிக் கொண்டுவந்து கொடுக்கலாம். அந்த நினைப்பு வந்ததற்காகவே ரூஃபஸுக்கு உடம்பு கூசியது.

"கீழே இருக்கு," என்றான். "சுரங்கத்துல. நான்தான் வீசினேன். மறுநாளே."

"கீழேன்னா?"

"வெட்டி முடிச்ச பழைய அறையில. இருட்டுக்குள்ள."

"போய்த் தேடினா?"

"அந்தப் பக்கம் கூரை இறங்குதுன்னு போன வருஷம் சுவர் வெச்சு அடைச்சுட்டாங்க வெர்ன். இனிமே யாரும் போக முடியாது."

வெர்ன் தலையாட்டினான். கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி மெதுவாக ஆட்டினான். ஆக்னஸ் உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தட்டில் இருந்த ரொட்டியை இரண்டு பேருமே தொடவில்லை.

"உப்பு அங்க வெள்ளையா இருக்குமா?" என்று கேட்டான்.

"சாம்பல் நிறம். விளக்கு அடிச்சா கொஞ்சம் மின்னும்."

"பழைய மைதானத்தை இடிச்சுக் கல்லையெல்லாம் ஏரிக்குள்ளதான் கொட்டினாங்க. மீன் குடியிருக்கட்டும்னு." இழுத்த வாயால் சிரிக்கப் பார்த்தான். "அங்க பிடிச்ச பந்து. அதுவும் ஏரிக்குக் கீழயே போயிடுச்சு. நல்லா பொறுக்குறவன் கையில கொடுத்தும் தங்கலே பாரு."

கேலிதான். பழைய கேலி. ரூஃபஸுக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. கோடை வரட்டும், சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு போகிறேன், நீ பின்னால் உட்கார்ந்து குரல் மட்டும் கொடு, நான் நின்ற இடத்தில் நிற்கிறேன் என்று சொன்னான். நிறுத்தாமல் சொன்னான். அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வெர்ன் முழுவதையும் கேட்டான்.

"பார்க்கலாம்," என்றான்.

அப்படிச் சொல்கிறவர்கள் பார்ப்பதில்லை என்று ரூஃபஸுக்குத் தெரியும்.

கிளம்ப எழுந்தபோதுதான் வெர்ன் வலது கையை நீட்டினான். கைகுலுக்கத்தான் என்று நினைத்து ரூஃபஸ் குனிந்தான். கை அவனைத் தாண்டி மேசைக்குப் போயிற்று. உறையை இழுத்து மடியில் கவிழ்த்தான். மூன்று இருபது டாலர் நோட்டும் இரண்டு ஒரு டாலர் நோட்டும் போர்வையில் விழுந்தன. இரண்டு கால் டாலர் காசுகள் மடிப்பில் உருண்டு நின்றன. இதைத் தூக்கிப் போடு உப்பு, போய் ஏதாவது வாங்கித் தின்னு என்று அவன் அந்தப் பணத்தைத் தள்ளிவிடுவான் என்று ரூஃபஸ் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தான். தள்ளினால் வாங்கக் கூடாது, மல்லுக்கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று கூட முடிவு செய்திருந்தான். இப்போது தள்ளிவிட்டால் போதும் என்று நின்றான்.

வெர்ன் நோட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி எண்ணினான். காசுகளையும் எடுத்துச் சேர்த்தான். எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை ஒற்றைக் கையால் மாட்டப் பார்த்தான். வெகுநேரம் மாட்டினான். ரூஃபஸ் உதவிக்குக் கையை நீட்டவில்லை. நீட்டலாமா என்று தெரியவில்லை.

கடைசியில் பொத்தான் துளைக்குள் போயிற்று.

"சரியா இருக்கு," என்றான் வெர்ன். "உனக்கும் எனக்கும் இனிமே பாக்கி ஒண்ணும் இல்லே."